ஆணிச் சில்லு

பெப்ரவரி இரண்டாம் திகதி லண்டனில் ஒரு பஸ்ஸும் ஓடவில்லை.

யேசுரட்ணம் பிளேஸ்டோவிலிருந்து பார்க்கிங் என்ற ஊர் வரை பனிக்குள் நடந்தான். அவனுடைய இடது முழங்கால் மடங்காது. டென்மார்க்கில் மீன் பெட்டிகள் சரிந்து விழுந்து நொறுக்கிய கால். மீன் பொதி செய்யும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி ஷிப்ட் முடிந்திருந்தது. மேற்பார்வையாளன் கையுறையைக் கழற்றி அவன் நெஞ்சில் எறிந்தான். இன்னொரு நாள் பிந்தினால் வரவே வேண்டாம் என்றான்.

டென்மார்க்கில் பனிக்காலம் முழுவதும் சைக்கிளில் திரிந்தவன் அவன். அங்கே கிழவிகள்கூட ஆணி டயர் போட்டுக்கொண்டு பாலம் ஏறுவார்கள். இப்போது மிதிக்க ஒரு கால்தான் இருந்தது. மற்றக் காலின் வேலையை ஒரு மோட்டர் செய்யவேண்டும். அடுத்த பனிக்கு முன் அப்படி ஒன்றைச் செய்துவிடுவதென்று வீட்டுக்கு நொண்டி வரும்போதே முடிவெடுத்தான்.

வீடு தங்கச்சியுடையது. மனைவியோடு சரிவராமல் டென்மார்க்கை விட்டு வந்தவனுக்கு யோகமலர் கீழ் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள். மேலே அவளும், கணவன் சந்திரகுமாரும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் லக்‌ஷிகாவும். சந்திரகுமார் ஒரு பெற்றோல் ஷெட்டில் காலையில் கதவு திறக்கிறவன். நல்ல மனுசன் என்றுதான் வெளியே பெயர்.

வைகாசியில், சண்டையின் கடைசி நாட்களில், சந்திரகுமாரின் தம்பி வன்னியில் முடிந்துபோனான். உடலும் இல்லை, நாளும் தெரியாது. அதற்குப் பிறகு சந்திரகுமார் யோகமலரை அடித்ததை யாரும் அடி என்று சொல்லவில்லை. கவலை என்றார்கள். குடித்ததையும் கவலை என்றார்கள். அதற்கு முன்பும் அவன் அடித்தவன்தான். அது யேசுரட்ணத்துக்குத் தெரியும்.

ஆனியில் ஒருநாள் சந்திரகுமார் ஸ்திரிக்கைப் பெட்டியின் வயரை மடித்து அவள் முதுகில் விளாசிக்கொண்டிருந்தான். யேசுரட்ணம் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். சந்திரகுமார் தலையைப் பின்னால் எறிந்து அவன் மூக்கை உடைத்தான். இரண்டு பேரும் நடையில் கிடந்த சப்பாத்துகளின் மேல் உருண்டார்கள். ஒருவன் மற்றவனின் காதைக் கடித்தான். யோகமலர்தான் இடையில் விழுந்து பிரித்தாள்.

“என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு என்ர கழுத்தையே பிடிக்கிறாய்?”

“இன்னொருக்கா அவளைத் தொட்டுப் பார்.”

அதோடு மச்சான்மார் இருவரும் நேருக்கு நேர் பேசுவதை விட்டார்கள்.

அன்று பின்னேரம் யேசுரட்ணம் தங்கச்சியிடம் பொலிஸுக்குச் சொல்வோம் என்றான். அவள் முதுகுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பொலிஸ் வந்தால் பின்னால கவுன்சில் வரும். பிள்ளையைக் கொண்டுபோயிடும். நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை.”

“ஒருநாள் செத்துப்போவாய் நீ.”

“பிள்ளையை விட்டிட்டுச் சாகமாட்டன்.”

அவன் பேசாமல் இருந்தான். வேறு வீடு பார்த்துப் போகவும் இல்லை. தான் கீழே படுத்திருக்கிறவரை அவள் உயிரோடு இருப்பாள் என்று நினைத்தான்.

கோபக்காரர் இருவர் ஒரே வீட்டில் இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒரே குசினியில் சாப்பிட்டார்கள். சொல்லவேண்டியது ஏதும் இருந்தால் யோகமலர் ஊடாகப் போகும்.

“கொண்ணனிட்டச் சொல்லு, பின்பக்க லைற்றை நிப்பாட்டச் சொல்லி,” என்பான் சந்திரகுமார், அவளுடைய அண்ணனைக் குறித்து.

யேசுரட்ணம் ஒரு முழத் தூரத்தில் நின்று புட்டுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பான்.

“நிப்பாட்டியாச்சு எண்டு அவரிட்டச் சொல்லு.”

ஆரம்பத்தில் யோகமலர் இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னாள். பிறகு அலுத்துப்போனாள்.

“ரெண்டு பேருக்கும் காது இருக்குத்தானே? நான் என்ன ரெலிபோனோ?”

லக்‌ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் சாமான்கள் சேர்ந்தன. சந்தையில் எடுத்த கனத்த இரும்புச் சைக்கிள். சீனாவிலிருந்து பெட்டியில் வந்த, நடுவில் மோட்டர் பூட்டிய முன்சில்லு. நடக்க ஏலாதவர்கள் ஓட்டும் வண்டியொன்றிலிருந்து கழற்றிய மூன்று ஈயப் பற்றரிகள். குளிர் ஏறினால் பற்றரி பாதி வழியில் செத்துவிடும். லக்‌ஷிகாவுக்குச் சிறுத்துப்போன ரோஸ் ஜாக்கெற்றை வெட்டிப் பற்றரிகளைச் சுற்றினான். அதற்கு மேல் தண்ணீர் போகாத பை. வலது கைப்பிடியை முறுக்கினால் மோட்டர் இழுக்கும்.

டயருக்குத்தான் அதிக நாள் எடுத்தது. ஒவ்வொரு ரப்பர்க் கட்டையின் நடுவிலும் துளையிட்டு, உள்ளேயிருந்து வெளியே திருகாணி ஏற்றினான். ஆணித் தலைகள் டியூப்பைக் கிழிக்காமல் இருக்கப் பழைய டியூப் ஒன்றைப் பிளந்து உள்ளே ஒட்டினான். வெளியே முனைகள் ஒரு நகத்தளவு நீட்டிக்கொண்டு நின்றன. பின்வளவுக் கொட்டிலில் இருந்து துளைபோடும்போது வீட்டுக்குள் ஏதாவது விழுந்து உடையும் சத்தம் கேட்கும். துளைபோடும் கருவியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். அழுகை கேட்டால் வாசல் வரை போவான். கேட்காவிட்டால் அடுத்த ஆணி.

எல்லாம் பூட்டிய அன்று முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக் கைப்பிடியை முறுக்கினான். ஆணிகள் மறைந்து சாம்பல் நிறக் கோடானது சில்லு. பலகைத் துண்டொன்றை முட்டக் கொடுத்தான். சில்லு அதை அவன் கையிலிருந்து பறித்துக் கொட்டில் சுவரில் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பலகையில் ஒரு கை அகலத்துக்குச் சதை போயிருந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த லக்‌ஷிகா கதவடியில் நின்றாள்.

“மாமா, இது பல்லு முளைச்ச சைக்கிள்.”

“ஓம். கடிக்கும். கிட்ட வராதை.”

ஒரு மாதம் ஒழுங்காக ஓடினான். ஒருநாளும் பிந்தவில்லை. மேற்பார்வையாளன் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதில் ஏறிப் போருக்கா போகிறாய் என்று கேட்டான்.

கார்த்திகையில், வேலை முடிந்து வரும் வழியில், கழிவுநீர்க் குழாய்க்கு மேலே போகும் நடைபாதையில் மூன்று பெடியள் மறித்தார்கள். முதலாமவன் கேட்கவில்லை, சொல்லவில்லை, செங்கல்லால் முகத்தில் அடித்தான். யேசுரட்ணம் சைக்கிளோடு விழுந்தான். மடங்காத காலின் மேல் ஒருவன் ஏறிக் குதித்தான். மற்றவன் ஹெல்மெற்றைப் பிடித்து இழுத்து இழுத்துத் தலையைத் தார்ப்பாதையில் மோதினான். யேசுரட்ணம் கைக்கு வந்ததைப் பிடித்தான். அது ஒரு கணுக்கால். அதை முன்சில்லில் வைத்து அழுத்தினான். பெடியன் பன்றி கத்துவதுபோல் கத்தினான். அதற்காக இன்னும் உதை விழுந்தது. வாயில் இரண்டு பற்கள் கழன்று நாக்கில் கிடந்தன. அவற்றைத் துப்பிவிட்டுப் பார்த்தபோது சைக்கிளும் இல்லை, பெடியளும் இல்லை.

மழை பெய்து மண் இளகியிருந்தது. ஆணிகள் மண்ணில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போயிருந்தன. இரத்தத்தைத் துடைத்துத் துடைத்து அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பற்றரி முடிந்த இடத்தில் பற்றைக்குள் தூக்கி எறிந்திருந்தார்கள். இருக்கையில் மூத்திரம் பெய்திருந்தார்கள். அதை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தான்.

குசினியில் யோகமலர் அவன் முகத்தைக் கழுவினாள். அவளுடைய சொண்டும் வீங்கித்தான் இருந்தது. சந்திரகுமார் வந்து எட்டிப் பார்த்தான்.

“கொண்ணனுக்கும் ஆரோ புத்தி சொல்லியிருக்கினம் போல.”

சொல்லிவிட்டு ரீவிக்கு முன்னால் போய் இருந்தான்.

அந்தக் கிழமை யேசுரட்ணம் கொட்டிலில் யோசித்துக்கொண்டிருந்தான். பூட்டைப் பெரிதாக்கலாம். பெரிய பூட்டைப் பெரிய கத்தரி வெட்டும். திருடுகிறவன் திருடட்டும், ஆனால் ஓடக்கூடாது. ஹாண்டிலின் நடுவில் ஒரு போல்ட் இருக்கிறது. அது இறுகியிருந்தால்தான் ஹாண்டிலைத் திருப்பும்போது சில்லும் திரும்பும். அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. முதல் வளைவில் ஹாண்டில் திரும்பும். சில்லு திரும்பாது. மோட்டர் இழுத்துக்கொண்டே போகும்.

வளைந்த சிறிய அலன் கீ ஒன்றுதான் தேவை. அதைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சைக்கிளை முன் வேலிக் கம்பியில் பூட்டுவான், போல்டைத் தளர்த்துவான். காலையில் பூட்டைத் திறப்பான், போல்டை இறுக்குவான். சப்பாத்து நூல் கட்டுவதுபோல் பழகிப்போனது.

பூட்டின் சாவி நடையில் எல்லாச் சாவிகளோடும் கொளுக்கியில் தொங்கும். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டு ஒன்றை எடுத்ததில்லை. குடை, ஜாக்கெற், செருப்பு, கார், எல்லாம் முதலில் கை வைப்பவருக்கு. அதனால் யோகமலரையும் லக்‌ஷிகாவையும் கூப்பிட்டு ஹாண்டிலைத் திருப்பிக் காட்டினான். ஹாண்டில் பக்கவாட்டில் போனது. சில்லு அசையாமல் நின்றது.

“நான் இறுக்காமல் ஒருதரும் இதில ஏறப்படாது. விளங்கிச்சோ?”

“விளங்கிச்சு மாமா,” என்றாள் லக்‌ஷிகா.

“அவருக்கும் சொல்லிவிடு,” என்றான் தங்கச்சியிடம்.

“சொல்லுறன்.”

சில நாள் கழித்து, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டான்.

“சைக்கிள் விசயம் அவரிட்டச் சொன்னனியே?”

“அவர் உங்கட சைக்கிளைத் தொடுவாரே? தொட்டால் கை அழுகிப்போகும் எண்டவர். உங்கட பேச்சை எடுத்தாலே எனக்கெல்லோ விழுது.”

அவன் திரும்பக் கேட்கவில்லை.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, இரவெல்லாம் பனி கொட்டியது. யேசுரட்ணத்துக்கு அன்று ஓய்வு நாள். விடியுமுன் வெளியே கார் இருமும் சத்தம் கேட்டு விழித்தான். சில்லுகள் பனியில் சும்மா சுற்றின. கார்க் கதவு அடிபட்டது. வீட்டுக் கதவு அடிபட்டது.

“கார்க் கண்ணாடிக்குப் பெட்ஷீற் போடச் சொன்னனானெல்லோ? போட்டனியே?”

“மறந்துபோனன்.”

“மறந்துபோனியோ? நான் போய்க் கதவு திறக்காட்டி வேலை போயிடும். அப்ப திங்கிறதுக்கு மறப்பியோ?”

பிறகு பேச்சில்லை. அடி மட்டும் கேட்டது. யேசுரட்ணம் குசினி வாசலுக்கு வந்தபோது சந்திரகுமார் ஐஸ் சுரண்டும் தகட்டால் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான். தகடு முறிந்தது. அதை எறிந்துவிட்டுத் தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதினான். உள்ளே கோப்பைகள் விழுந்தன. இன்னொருமுறை மோதினான். யோகமலர் மடிந்து நிலத்தில் இருந்தாள். கன்னம் பிளந்திருந்தது.

யேசுரட்ணம் ஓர் அடி வைத்தான். சந்திரகுமார் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலைத் தூக்கி அவள் தலைக்கு மேலே சரித்துப் பிடித்தான். கேத்தில் மூக்கு வழியாக ஆவி வந்தது.

“கிட்ட வரவேண்டாமெண்டு கொண்ணனிட்டச் சொல்லு.”

ஒரு துளி விழுந்தது. யோகமலரின் கழுத்துத் துடித்தது.

யேசுரட்ணம் நின்றான். தூரம் போதாது. கால் போதாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இவன் இவளைக் கொல்லுவான் என்பது அந்த இடத்தில், சுவர்க் கடிகாரத்தைப்போல், தெளிவாக இருந்தது.

சந்திரகுமாரும் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்தான். கேத்திலை வைத்தான். யேசுரட்ணத்தைத் தோளால் இடித்துக்கொண்டு நடைக்குப் போனான். கொளுக்கியில் சாவிகள் சலசலத்தன. தேடிய சாவியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், பழக்கப்படி சொன்னான்.

“கொண்ணனிட்டச் சொல்லு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போறன் எண்டு.”

யோகமலர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவளுடைய வாய் நிறைய இரத்தம் இருந்தது. பேச முடியாத அளவுக்கு இல்லை.

படிக்கட்டில் லக்‌ஷிகா இரவு உடுப்போடு நின்றாள்.

“அப்பா, அந்தச் சைக்கிள்…”

“லக்‌ஷி, மேல போ,” என்றான் யேசுரட்ணம்.

மெதுவாகத்தான் சொன்னான். அவள் ஏறவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கதவு திறந்து மூடியது. பூட்டுச் சங்கிலி விழுந்தது. யேசுரட்ணம் பைக்குள் கையை விட்டான். அலன் கீ இருந்தது. நடந்து போய் வாசல் கதவைத் திறந்தான். தெரு முழுக்க வெள்ளை. விளக்குகளின் கீழே சந்திரகுமாரின் முதுகு போய்க்கொண்டிருந்தது. ஆணிகள் பனியை நறநறவென்று கடித்தன. சைக்கிள் ஒரு துளியும் வழுக்கவில்லை. நன்றாகச் செய்த சைக்கிள். தெரு நேரானது, முடிவில் பெரிய வீதி. அங்கே திரும்பித்தான் ஆகவேண்டும்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம். வாயைத் திறந்தான். குளிர் உள்ளே போனது. வெளியே ஒன்றும் வரவில்லை.

சந்திரகுமார் வீதிக்கு வந்து ஹாண்டிலைத் திருப்பினான். சைக்கிள் திரும்பாமல் நேரே போனது. வான் ஒன்றின் ஹோர்ன் அடித்தது. பிறகு தகரம் மடியும் சத்தம். பிறகு மனிதச் சத்தம். அது நிற்கவில்லை.

யேசுரட்ணம் நடந்தான். ஓட முடியாத கால். ஓடிப்பார்க்கவும் இல்லை.

வான் நடைபாதையில் ஏறி நின்றது. சாரதி வீதி நடுவில் நின்று போனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சந்திரகுமார் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் தவறான பக்கம் பார்த்தது. சைக்கிள் அவன் மேலே கிடந்தது. வலது கைப்பிடி அவன் உடலுக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையில் முறுகி மாட்டியிருந்தது. அதனால் மோட்டர் இன்னும் இழுத்தது. முன்சில்லு அவன் கைமூட்டில் நின்று சுற்றியது. ஜாக்கெற்றின் பஞ்சு முடிந்து, கைச்சட்டை முடிந்து, இப்போது மற்றது பறந்துகொண்டிருந்தது. பனியில் விசிறியடித்ததுபோல் சிவப்பு.

யேசுரட்ணம் நேரான காலைப் பக்கவாட்டில் நீட்டிவைத்துக் குந்தினான். ரோஸ் துணிக்குள் கையை விட்டுப் பற்றரி வயரைப் பிடுங்கினான். சில்லு உடனே நிற்கவில்லை. ஆறுதலாக, ஒவ்வோர் ஆணியாக, எலும்பில் தட்டித் தட்டி நின்றது.

கத்தல் நின்றது. சந்திரகுமார் அவனைப் பார்த்தான். ஆனிக்குப் பிறகு முதல்முறை நேரே பார்த்தான்.

“மச்சான்,” என்றான். “திருப்பினனான் மச்சான். ஹாண்டில் திரும்பினது. சில்லு திரும்பேல்லை.”

யேசுரட்ணம் தன் ஜாக்கெற்றைக் கழற்றி அதன் கையால் மூட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினான். இறுக்கும்போது சந்திரகுமாரின் கண்கள் மேலே போயின. மூச்சு இருந்தது. தூரத்தில் சைரன் கேட்டது.

யோகமலர் கன்னத்தில் துவாயைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். கணவனைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். பிறகு இரண்டடி நகர்ந்து, வான் சாரதிக்கும் அண்ணனுக்கும் நடுவில், அவனை மறைத்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

யேசுரட்ணம் சைக்கிளை இழுத்து எடுத்தான். முன்சில்லை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹாண்டிலை நேராக்கினான். அலன் கீயை எடுத்தான். விரல்கள் இரத்தத்தில் வழுக்கின. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இனி அசையாதென்று தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

பின்னால் பனி நெரிந்தது. இரவு உடுப்புக்கு மேலே பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு லக்‌ஷிகா நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இப்ப ஏன் இறுக்கிறீங்கள்?”